இரண்டு மிதி, அப்புறம் ஒரு மிதி

அன்புள்ள என்னவருக்கு,

உங்கள் கப்பல் இப்போது எந்தக் கடலில் போய்க்கொண்டிருக்கிறதோ தெரியாது. எங்கே இருந்தாலும் உடம்பும் மனசும் நன்றாக இருக்கட்டும். இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம். நாலு என்றதும் யார் விருந்துக்கு வந்திருக்கிறார்கள் என்று யோசிக்காதீர்கள். நம் பொத்தானையும் சேர்த்துத்தான் எழுதினேன். நாயை ஆள் கணக்கில் சேர்ப்பாயா என்பீர்கள், தெரிந்தேதான் எழுதினேன்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். நீங்கள் சொன்னது என் காதுக்கு வந்து சேர்வதற்குள் நான் அடுத்ததைப் பேசிவிடுகிறேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "ஹலோ, ஹலோ" என்று கத்திவிட்டு, கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழுகிறோம். பாதிச் சண்டைக்கு சாட்டிலைட்தான் பொறுப்பு. அதனால் பிள்ளைகள் தூங்கின பிறகு உட்கார்ந்து கையால் எழுதுகிறேன். பக்கம் பக்கமாகப் படமெடுத்து அனுப்பிவிடுவேன். கரை பக்கம் வந்து சிக்னல் கிடைத்ததும் மொத்தமாக வந்து விழும். என் கையெழுத்தைப் பார்த்து "நீ டாக்டருக்குப் படிச்சிருக்கலாம்" என்று கிண்டல் செய்யாமல் கடைசி வரைக்கும் படியுங்கள்.

விஷயம் இதுதான். பொத்தானைப் பூச்செடி நர்சரிக்காரரிடம் கொடுத்துவிடுவது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்தோம். இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வண்டியோடு வருவதாக இருந்தார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப் போட்டிருக்கிறேன். பொத்தானை அனுப்ப வேண்டாம் என்பது இப்போது என் எண்ணம். ஆனால் சேர்ந்து எடுத்த முடிவை நான் மட்டும் மாற்றினால் நன்றாக இருக்காது. ஏன் மனசு மாறினேன் என்று எழுதுகிறேன். கோபம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி படியுங்கள்.

அதற்கு முன் நல்ல செய்தி. சின்னவனுக்குக் கீழே இரண்டு பல் எட்டிப் பார்த்துவிட்டது. என் தோள், டிவி ரிமோட், உங்கள் பழைய செருப்பு என்று எது கிடைத்தாலும் கடிக்கிறான். நாய் கடிக்கிறது என்று நாம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்கிறோம், இந்த வீட்டில் எல்லாரையும்விட அதிகமாகக் கடிப்பது உங்கள் மகன்தான். குளியலறைக் குழாய் ஒழுகுவதும் நின்றுவிட்டது. பிளம்பர் போனதும் ஒழுகும், அவர் வந்ததும் நிற்கும். என்னைப் பொய்க்காரி ஆக்கிப் பார்த்துவிட்டு ஒருவழியாக அடங்கியது.

நடந்ததையெல்லாம் நீங்கள் போனில் துண்டு துண்டாகத்தான் கேட்டீர்கள். முதலில் கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர். பொத்தான் ஹாலில் பாய்மேல் படுத்துக் கிடந்தான். அவருக்கு நாய் என்றால் உயிராம். "என்ன பெரியவரே, நல்ல தூக்கமா?" என்று குனிந்து முதுகில் தட்டினார். பொத்தான் விழுந்தடித்து எழுந்து அவர் மணிக்கட்டைக் கவ்விவிட்டான். ரத்தம் வரவில்லை. அந்த மனிதர் பெரிய மனசோடு "நான்தாம்மா கேக்காம தொட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது சின்னவன். அடுப்பில் பால் பொங்கி வந்தது, அணைக்கத் திரும்பினேன். அதற்குள் அவன் சத்தமில்லாமல் தவழ்ந்துபோய்த் தூங்குகிற நாயின் வாலைப் பிடித்துவிட்டான். ஓர் உறுமல், ஓர் அலறல். ஓடி வந்து பார்த்தால் சட்டைக் கை கிழிந்து தொங்குகிறது. தோலில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் கிழிந்த இடத்துக்கும் அவன் கன்னத்துக்கும் நடுவில் இருந்த தூரம் இருக்கிறதே, அதை நினைத்து நினைத்தே எனக்குத் தூக்கம் போய்விட்டது. உங்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். "போதும். குழந்தை இருக்கிற வீட்டுல இனிமே அவன் வேண்டாம்" என்றீர்கள். நானும் அழுதுகொண்டே சரி என்றேன்.

அன்றைக்கு நாம் இரண்டு பேரும் காரணமும் கண்டுபிடித்தோம், ஞாபகம் இருக்கிறதா? வயசாகிவிட்டது, வீட்டுக்குப் புதுக் குழந்தை வந்ததில் பொறாமை, அதனால்தான் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று. அதே காரணத்தைப் பெரியவளுக்கும் வைத்தோம். தம்பி பிறந்ததிலிருந்து முறைப்பு கூடிவிட்டது என்று. இரண்டு பேருக்கும் ஒரே மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

நர்சரிக்காரர் வரப்போகிறார் என்று பெரியவளிடம் சொன்னபோது அவள் அழவில்லை. "எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் சமாதானம் செய்ய எனக்குத் தெரிந்திருக்கும். கிழமை கேட்கிற குழந்தையை என்ன சொல்லித் தேற்றுவது?

அதற்குப் பிறகு அவள் செய்ததெல்லாம் எனக்குக் குறும்பாகத்தான் தெரிந்தது. போன லீவில் நீங்கள் பார்த்துப் பார்த்து விரித்த ஸ்பாஞ்சுப் பாய் இருக்கிறதே, அதைப் பிய்க்க ஆரம்பித்தாள். பழைய பலகைத் தரை, பையன் தவழ ஆரம்பித்தால் முட்டியில் சிராய் குத்தும் என்று நான்தான் உங்களை நச்சரித்தேன். நீங்களும் சுவருக்குச் சுவர் விரித்து, ஓரமெல்லாம் பசை நாடா ஒட்டிவிட்டுப் போனீர்கள். அடுப்பறைக்குப் போகிற நடைவழிக்கு மட்டும் பாய் பற்றாமல் விட்டுப்போனது. பொத்தான் படுக்கிற மூலையில் இவள் நகத்தாலேயே பாயைப் பிய்ப்பாள், நான் ஒட்டுவேன். மறுபடி பிய்ப்பாள். பிறகு அவன் படுக்கையை இழுத்துக்கொண்டுபோய் அந்த நடைவழியில் போட்டாள். கையில் சுடுபாலோடு நான் தடுக்கி விழுந்தால் என்ன ஆவது? நான் திருப்பிக் கொண்டுவந்து போடுவேன். ஒரு நாள் நிஜமாகவே கோபம் வந்து "அப்பா ஆசையா போட்டுட்டுப் போனதைப் பிய்க்கறியே, உனக்கு மனசு வருதா?" என்று கேட்டுவிட்டேன். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

இதற்கு மேல் மிதி வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நடைவழியில் போய்க் குதிகாலால் தொம் தொம் என்று பலகையை மிதிப்பாள். "என்னடி, யானை கினை புகுந்துடுச்சா உனக்குள்ள?" என்று அதட்டினேன். அவளுடைய டீச்சரிடமும் கவலையோடு விசாரித்தேன். "இங்க பூனை மாதிரி நடப்பாளே!" என்று அந்த அம்மாள் ஆச்சரியப்பட்டார். அப்படியென்றால் இந்தக் கோபம் முழுக்க நம்மேல்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

இந்த நினைப்பை உடைத்தவர் யார் தெரியுமா? கீழ்வீட்டுப் பல் டாக்டர். ஒரு நாள் சாயங்காலம் கையுறையைக்கூடக் கழற்றாமல் படியேறி வந்து நின்றார். அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் சிரிக்க வேண்டும். "அம்மா, நான் சண்டைக்கு வரலை. என் பொழைப்பு நூல் அளவுல நடக்கிற பொழைப்பு. மெஷினை வாய்க்குள்ள வெச்சிருக்கேன், மேலேர்ந்து தொம் தொம்னு ரெண்டு. பேஷண்ட் மிரண்டு போய் வாயை மூடிட்டார். என் விரல் உள்ள மாட்டிக்கிச்சு. உங்க வீட்டு நாய் கடிக்குதுன்னு கேள்விப்பட்டேன். இப்ப என் பேஷண்ட்டும் கடிக்க ஆரம்பிச்சாச்சு!" என்றார். எனக்குச் சிரிப்பும் அவமானமும் சேர்ந்து வந்தது. மன்னிப்பு கேட்டேன். பெரியவளுக்குக் கோபம், நாயைக் கொடுக்கப்போகிறோம், அதனால்தான் என்று விளக்கினேன்.

இரண்டு படி இறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "கோவத்துல மிதிக்கிற பிள்ளை கண்டபடி மிதிக்கும்மா. இது அப்படி இல்ல. ரெண்டு. கொஞ்சம் கேப் விட்டு ஒண்ணு. எப்பவும் அதே மாதிரிதான். ரெண்டு கேட்டதும் மெஷினை வெளியில எடுத்துட்டு, மூணாவதுக்காக நானே காத்துட்டிருக்கேன்னா பார்த்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் அவள் வரும் நேரத்துக்குச் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். பெற்ற பெண்ணை ஒளிந்திருந்து வேவு பார்க்கிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. பொத்தான் நடைவழியில் எங்களுக்கு முதுகைக் காட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் பையை இறக்கினாள், ஷூவைக் கழற்றினாள். அவன் பெயரைக் கூப்பிடவே இல்லை. அவன் படுத்திருந்த அதே பலகையின் இந்தக் கோடியில் போய் நின்றுகொண்டு குதிகாலால் இரண்டு மிதி, நிறுத்தி, ஒரு மிதி. பொத்தான் கண்ணைத் திறந்தான். அங்கே இங்கே தேடவில்லை, நேராக அவள் பக்கம் திரும்பினான். வால் பலகையில் பட்பட்டென்று அடித்துக்கொண்டது. அவள் உள்ளங்கையை நெஞ்சில் வைத்தாள், எழுந்து வந்தான். கையைக் கவிழ்த்தாள், உட்கார்ந்தான். விரலைச் சுழற்றினாள், ஒரு வட்டம் அடித்தான். அவள் தரையில் உட்கார்ந்ததும் மடியில் தலையைப் போட்டான். கூப்பிட்டால் திரும்பாத நாய் என்று நாம் முத்திரை குத்திய நாய்!

நான் அங்கிருந்தே "பொத்தான்!" என்று கூப்பிட்டேன். காது அசையவில்லை. பலமாகக் கூப்பிட்டேன். பக்கத்தில் இருந்த எவர்சில்வர் தட்டை எடுத்து மேஜைமேல் ஓங்கிப் போட்டேன். சின்னவன் வீறிட்டு அழுதான், பெரியவள் துள்ளி விழுந்தாள். பொத்தான் மட்டும் அவள் மடியில் கண்ணை மூடிச் சுகமாகக் கிடந்தான்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியவில்லை. திட்டு விழுமே என்கிற பயம் இல்லை அது. ரகசியமாக ஒருவரைக் காப்பாற்றிக்கொண்டு வந்து, கடைசி நிமிஷத்தில் பிடிபட்டவளின் பார்வை. முதலில் பொய் சொன்னாள். "அவனுக்கு நல்லாக் கேக்கும்மா. இப்ப தூக்கம் வருது, அதான்" என்றாள். நான் தரையில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவளாகவே, "ரொம்ப நாளா அவனுக்குக் காது தூங்குதும்மா" என்றாள்.

இந்த வார்த்தை எனக்கு ஏற்கெனவே தெரியும். சின்னவன் கைக்குழந்தையாக இருந்தபோது, நான் பால் கொடுத்துக்கொண்டு கண் சொருகி உட்கார்ந்திருந்த ஒரு மத்தியானம் இதையே வந்து சொன்னாள். "சரி கண்ணு, எழுந்ததும் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். விளையாட்டு என்று நினைத்தேன்.

ஏன் மறுபடி சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்கள் போன லீவில் ஒரு நாள் வாசல் மணி அடித்தும் பொத்தான் எழாமல் கிடந்ததைப் பார்த்து, "பெல் அடிச்சா எழுந்திரிக்காத வாட்ச்மேனுக்கு யார் சோறு போடறது? வேலையை விட்டுத் தூக்கிட வேண்டியதுதான்" என்றீர்களாம். நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்திருப்பேன். அவள் சிரிக்கவில்லை. அன்றைக்கே வேலையில் சேர்ந்துவிட்டாள். பொத்தானுக்குக் காதாக இருக்கிற வேலை.

மணி அடித்தால் நமக்கு முன்னால் அவள் ஓடுவாளே, ஞாபகம் வருகிறதா? துறுதுறுப்பு என்று நினைத்தோம். ஓடுகிற ஓட்டத்திலேயே பொத்தானுக்கு இரண்டு மிதி, ஒரு மிதி. அவன் எழுந்து வாசலுக்குப் போய்க் குரைப்பான். "சமர்த்து, இன்னும் எவ்வளவு உஷாரா இருக்கான் பாரு" என்று நாம் அவனைத் தட்டிக் கொடுப்போம். பிஸ்கட் டப்பாவை நான் குலுக்கினால் அவள் காலால் அவனுக்குச் செய்தி சொல்வாள். நீங்கள் விசிலடித்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று கை காட்டுவாள். இத்தனை மாதம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு, காது கேட்காத நாயை நல்ல காவல் நாய் என்று நம்மை நம்ப வைத்திருக்கிறாள். அவள் பள்ளிக்கூடம் போன நேரத்தில் மட்டும் அவன் "முரண்டு பிடித்தான்". அதற்குத்தான் நாம் பொறாமை என்று பெயர் வைத்தோம்.

காலால் மிதித்தால் அவனுக்குத் தெரியும் என்று உனக்கு யார் சொன்னது என்று கேட்டேன். என்ன இது கேள்வி என்பதுபோல் பார்த்தாள். "அப்பாதான்" என்றாள். உங்கள் இன்ஜின் ரூமில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது, எல்லாரும் காதை மூடிக்கொண்டு கையால்தான் பேசுவீர்கள், இன்ஜினில் ஏதாவது கோளாறு என்றால் காதுக்கு முன்னால் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும் என்று நீங்கள் ஒரு நாள் சோறு ஊட்டும்போது சொன்னீர்களாமே. "அப்பாவுக்குக் காலால கேக்குதுன்னா பொத்தானுக்கும் கேக்கும்தானே? அவனுக்கு நாலு கால் இருக்கே" என்றாள். ஒலி திடப்பொருளில் எப்படிப் போகும் என்று பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கின பிசிக்ஸ் பட்டதாரி, வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கடைசியாக அவள் சொன்னதுதான் என்னைக் கலக்கிவிட்டது. "பாய் போட்டதும் அவனுக்குக் காலும் கேக்காம போச்சும்மா. அதான் யார் வந்தாலும் பயந்து கடிக்கிறான். அவன் கெட்டவன் இல்ல" என்றாள். பாயைப் பிய்த்ததற்கு நான் திட்டியபோதெல்லாம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் சொன்னால் காது கேட்காதது தெரிந்துவிடும், தெரிந்தால் வேலையை விட்டுத் தூக்கிவிடுவோம். அதனால் வாயைத் திறக்காமல் திட்டையெல்லாம் வாங்கிக்கொண்டிருக்கிறாள். இவளை எப்படிப் பெற்றோம்? உங்கள் அழுத்தம் என் பிடிவாதத்தோடு கலந்து, நம் இரண்டு பேரிடமும் இல்லாத ஏதோ ஒன்றாக வந்திருக்கிறது.

மறுநாளே கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். மணி அடித்துப் பார்த்தார், முதுகுக்குப் பின்னால் கை தட்டிப் பார்த்தார், காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். இரண்டு காதும் போய் வெகு நாளாகிவிட்டது, திரும்பி வராது என்று சொன்னார். பெரியவள் கை காட்டக் காட்ட அவன் உட்காருவதையும் எழுவதையும் பார்த்துவிட்டு, எந்தப் பயிற்சியாளரிடம் விட்டீர்கள் என்று என்னைக் கேட்டார். நான் இவளைக் காட்டினேன். குனிந்து அவளுக்குக் கை கொடுத்தார். அவள் கையைக் கொடுக்காமல், "இது தொத்துமா? தம்பிக்கு வராதே?" என்று கேட்டாள். வராது என்று தெரிந்த பிறகுதான் கை கொடுத்தாள்.

அவர் என்னைத் தனியாக எச்சரிக்கவும் செய்தார். காரணம் தெரிந்துவிட்டதால் ஆபத்து போய்விட்டதாக நினைக்கக் கூடாது, தூங்குகிற நாயைத் தொடவே கூடாது, குழந்தையையும் நாயையும் ஒரு நிமிஷம்கூடத் தனியாக விடக் கூடாது என்றார். நான் பயந்தவள் என்பது உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு பங்கு சொன்னால் நான் பத்துப் பங்கு செய்வேன். அடுப்பறைக்கும் ஹாலுக்கும் நடுவில் தடுப்புக் கதவு போட்டாகிவிட்டது. நான் திரும்பிக்கூடப் பார்க்க முடியாத நேரத்தில் பொத்தான் தடுப்புக்கு அந்தப் பக்கம்தான்.

பாய் எல்லாவற்றையும் பிய்த்துவிட்டோம். உங்கள் பசை நாடா லேசில் வரவில்லை, கப்பலை ஒட்டுகிற பசையோ என்னவோ. தச்சரை வரவழைத்துப் பலகை முழுவதும் இழைத்து, சிராய் இல்லாமல் மெழுகு பூசியாகிவிட்டது. நான் கையால் தடவித் தடவிப் பார்ப்பதைக் கண்டு அவர், "பயப்படாதீங்கம்மா, கன்னத்தை வெச்சுத் தேய்ச்சாக்கூட ஒண்ணும் ஆகாது" என்றார். இவள் நிஜமாகவே படுத்துக் கன்னத்தை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அவரைப் போக விட்டாள்.

பல் டாக்டரோடு சமாதானமாகிவிட்டது. மெஷினை எடுப்பதற்கு முன் அவர் ஒட்டடைக் குச்சியால் கூரையை ஒரு தட்டு தட்டுவார். அது வந்தால் இவள் மிதிக்க மாட்டாள். இது இவர்கள் இரண்டு பேருக்குள் ஒப்பந்தம். இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டு பொத்தானுக்கும் கேட்கிறது. கேட்டதும் போய்ப் படுத்துக்கொள்கிறான். யாரோ பெரிய அதிகாரி உத்தரவு போட்டுவிட்டார் என்று நினைப்பு. போன வாரம் டாக்டர் மேலே வந்து இதைப் பார்த்துவிட்டு, "என் பேஷண்ட் ஒருத்தராவது இப்படிச் சொன்ன பேச்சு கேட்டிருந்தா நான் எங்கேயோ போயிருப்பேன்" என்றார்.

இன்றைக்கு நடந்ததை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன். சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். பொத்தான் ஜன்னலோரம் தூங்கினான். நான் இரண்டு பேருக்கும் நடுவில், பாய்வதற்குத் தயாராக, மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரியவள் தம்பிக்குப் பக்கத்தில் அவனைப் போலவே முட்டி போட்டிருந்தாள். சின்னவன் நாயைப் பார்த்துக் கொஞ்சம் நகர்ந்தான். நின்றான். கொழுகொழு கையைத் தூக்கிப் பலகையில் பட்டென்று அடித்தான். அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் தலையாட்டியதும் மறுபடி ஓர் அடி. பொத்தான் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டான். எனக்கு வந்த ஆனந்தத்தில் அழுதுவிட்டேன். "ஏம்மா அழறே? அவன் இன்னும் மூணாவது அடிக்கவே இல்ல. அதுக்கு ரொம்ப நாள் ஆகும்" என்று பெரியவள் சலித்துக்கொண்டாள். பேச்சு வராத தம்பிக்கும் காது கேட்காத நாய்க்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு அவள் பள்ளிக்கூடம் நடத்துகிறாள். நான் அதில் கடைசி பெஞ்ச்.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். நர்சரியில் தோட்டம் துரவு என்று நிம்மதியாகத்தானே இருப்பான் என்பீர்கள். நர்சரிக்காரர் நல்ல மனிதர்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே மண் ஏற்றிவரும் லாரி நாள் முழுக்க ரிவர்ஸில் வந்து திரும்புகிறது. மண் தரையில் எத்தனை மிதித்தாலும் இவனுக்குத் தெரியாது. வருகிற ஜனங்கள் எல்லாம் தொட்டுப் பார்ப்பார்கள். ஒன்று இவன் யாரையாவது கடிப்பான், இல்லையென்றால் லாரி இவனை. அவனை அனுப்புவது என்றால் எதற்கு அனுப்புகிறோம் என்று தெரிந்தேதான் அனுப்ப வேண்டியிருக்கும். என் பயம் போகவில்லை. பொய் சொல்ல மாட்டேன். ராத்திரி எழுந்து தடுப்புக் கதவின் தாழ்ப்பாளை இன்னும் தொட்டுப் பார்க்கிறேன். ஆனால் பயப்படுகிறவள் நான் ஒருத்திதான், கவனிக்கிறவர்கள் இரண்டு பேர். அவள் என்னைவிட நன்றாகக் கவனிக்கிறாள்.

இப்போது ஒரே ஒரு சிக்கல். அவள் என்னை நம்பவில்லை. "பொத்தான் எங்கேயும் போக மாட்டான்" என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். "அப்பா சொன்னாரா?" என்று கேட்கிறாள். இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றால், தலையாட்டிவிட்டுப் போய் அவன் கழுத்து வாரையும் சங்கிலியையும் எடுத்துப் புத்தகப் பையில் வைத்துக்கொள்கிறாள். தினமும் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகிறாள். சங்கிலி இல்லாமல் யாரும் அவனைக் கூட்டிப் போக முடியாது என்று அவள் கணக்கு. அந்தச் சின்ன முதுகில் அது எவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியும். வாங்கிக் கீழே வைக்க எனக்குத் தைரியம் இல்லை.

ஆகவே உங்களிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் கூப்பிடும்போதெல்லாம் "பையன் என்ன பண்றான்?" என்றுதான் ஆரம்பிக்கிறீர்கள். தவழ்வதைக்கூடப் பார்க்காத பிள்ளை, ஏக்கம் இருக்கும், நான் தப்பாக நினைக்கவில்லை. அவன் சிரிப்பைக் கேட்டு முடித்து, என்னிடம் வீட்டு விஷயம் பேசி முடிப்பதற்குள் லைன் போய்விடுகிறது. அவள் என் பக்கத்தில்தான் நிற்கிறாள், ஒவ்வொரு தடவையும். அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும்.

இதைப் படித்ததும் கூப்பிடுங்கள். என்னை நலம் விசாரிக்க வேண்டாம், பையனைத் தேட வேண்டாம். எடுத்த உடனே "பெரியவகிட்ட குடு" என்று சொல்லுங்கள். பொத்தானைப் பற்றி அவளிடம் நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். எனக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சின்னவனைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறேன். லைன் எவ்வளவு நேரம் இருக்கிறதோ அவ்வளவு நேரமும் அவளுக்கு. அவளும் நீங்களும் என்ன பேசினீர்கள் என்று நான் கேட்க மாட்டேன்.

உங்கள் கடல் அமைதியாக இருக்கட்டும். கரை சீக்கிரம் கண்ணில் படட்டும்.

உங்கள் அழைப்புக்காகப் போனைப் பக்கத்திலேயே வைத்திருக்கும்,
உங்கள் பிள்ளைகளின் அம்மா